அரை மணித்தியாலம்

மகள் மடிக்கணினியில் ஒரு படம் போட்டாள்.
அயர்லாந்துப் பெட்டை ஒருத்தி
கப்பலேறிப் போகிற பழைய காலத்துக் கதை.
அடியில் தமிழ் எழுத்து ஓடியது.
எனக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை.

போன ஊரில் கையுறைக் கடையில் நிற்கிறாள்.
குளிரில் மூக்குச் சிவக்கிறது.
ஒருவன் அவளைச் சிரிக்க வைக்கிறான்.
சத்தமில்லாமல் அவனோடு கையெழுத்து வைத்துவிட்டுத்
தகப்பன் செத்ததற்கு ஊருக்கு வருகிறாள்.
ஊரில் இன்னொருவன்.
தலையை வழித்துச் சீவி, சைக்கிளைத் துடைத்து வைத்திருப்பவன்.
படத்தில் அவனுக்கு இருபது நிமிடம்.
நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து மூன்று ஆனியில்
ஓமந்தையால் வந்தாள் தர்மினி,
தகப்பனின் அந்தியேட்டிக்கு.
செஞ்சிலுவைக் கொடிக்கு இந்தப் பக்கம்
நேரம் அரை மணி பின்னால் என்று
அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
மல்லாவிச் சந்தியில் என் பட்டறைக்குள் வந்து
"உங்கட மணிக்கூடு பிழை" என்றாள்.
"கொழும்பின்ர மணிக்கூடுதான் பிழை" என்றேன்.

தகப்பனின் இறைப்பு மெசினை
விற்க முதல் திருத்தவேணும் என்று வந்தவள்.
இரண்டு பிஸ்டன் றிங். இரண்டு நாள் வேலை.
பதினேழு நாள் இழுத்தேன்.

வவுனிக்குளக் கட்டில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினால்
காற்று அவள் சால்வையைத் தூக்கி என் முகத்தில் போடும்.
மண்டையோட்டுப் பலகை நட்ட பற்றைக்கு அங்கால்
பாலைப்பழம் பழுத்துக் கொட்டிக் கிடந்தது,
பொறுக்க ஆளில்லாமல்.
பெடியன் ஒருத்தன் பையில் கட்டி விற்றதை வாங்கித் தின்றோம்.
பால் ஒட்டி அவள் உதடு பிரியவில்லை.
ஏதோ சொல்ல வந்தாள்,
பழத்தைச் சாட்டி விட்டுவிட்டாள்.
சேலம், பெங்களூர் என்று மாம்பழக் கதை கதைத்தேன் நான்,
மடையன்.

ஊர் எங்களைச் சேர்த்துக் கதைத்தது.
அவள் தாய் எனக்கு
விரால் மீனில் நடுத்துண்டு வைத்தாள்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துத் தர்மினி சொன்னாள்:
"இந்த அரை மணித்தியாலம்
கனடாவிலயும் இல்லை, கொழும்பிலயும் இல்லை.
இதுக்குள்ள நடக்கிறது கணக்கில வராது."
காதலென்று நினைத்தேன்.
அதுவும்தான்.

பதினெட்டாம் நாள்
கொமினிகேசன் கடைக்காரி தெரு கேட்கக் கூவினாள்:
"தர்மினியக்கா! ரொறன்ரோவில இருந்து உங்கட அவர்!"
மெசினின் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஒரு சுற்றுக் கூடச் சுற்றிவிட்டேன்.
மரை போய்விட்டது.
அவள் ஓடவில்லை, மெல்ல நடந்து போனாள்.
செருப்பில் செம்புழுதி,
முதுகில் வியர்வை நாடு மாதிரி ஒரு படம்.

பேருந்து ஏறும்போது மணிக்கூட்டைத் திருப்பவேயில்லை.
எங்களுக்கு நாலரை, அவளுக்கு ஐந்து.
ஓமந்தை வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

மூன்று வருசம் கழித்து
கொழும்பும் தன் நேரத்தை மாற்றி
எங்கள் நேரத்துக்கே வந்து சேர்ந்தது.
முழு நாடும் அரை மணி பின்னால் வந்தது.
அவள் வரவில்லை.
அதற்குப் பிறகு வந்தவற்றை
மணிக்கூட்டால் அளக்க முடியாது.
மெசின் எங்கேயோ வாய்க்கால் ஓரம் கிடக்கும்.

படம் முடிகிறது.
பெட்டை திரும்பக் கப்பலேறுகிறாள்,
கமெராவும் அவளோடு ஏறிவிட்டது.
மகள் கண்ணைத் துடைக்கிறாள்.
"அவன் பிறகு என்ன செய்தான்?" என்று கேட்டேன்.
"எவன்?" என்றாள்.

குசினிக்குள்ளிருந்து புவனம்,
படம் பார்க்காதவள், சொன்னாள்:
"கலியாணம் கட்டியிருப்பான்.
இரண்டு தரம் பட்டறையை இழந்து
மூன்றாந்தரமும் திறந்திருப்பான்.
தேத்தண்ணி ஆறுது,
வந்து குடியுங்கோ."